ஒரே ஒரு கோமதிநாயகம்

ஒரு மனிதன் ஒரே மனிதன்தான் என்ற மாபெரும் உண்மையை உலகுக்கு முதன்முதலில் நிலைநாட்டிய பெருமை மாட்டுங்காவுக்கே உரியது. நிலைநாட்டியவர், கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு மாடியில் இயங்கும் சர்வ சேவா மண்டலியின் கௌரவச் செயலாளர் திரு. மகாதேவன். வங்கியில் காலமெல்லாம் பிறர் கையெழுத்தைச் சந்தேகப்பட்டு ஓய்வு பெற்றவர். ஓய்வு வங்கியிலிருந்துதான், சந்தேகத்திலிருந்து அல்ல.

மண்டலி ஆண்டுதோறும் ஏழைகளுக்கு இலவசமாகக் கண்புரை அறுவை சிகிச்சை முகாம் நடத்துகிறது. பெயர் கொடுப்பது மண்டலியின் இணையதளத்தில். சென்ற ஆண்டு அதில் பலர் இரண்டு தடவை, சிலர் மூன்று தடவை பதிவாகியிருந்தார்கள். இணையதளம் நகர்ந்த வேகம் அப்படி. 'சமர்ப்பி' என்ற பட்டனை அழுத்தியும் ஒன்றும் நடக்காததைக் கண்ட ஜனங்கள், லிஃப்ட் வராதபோது நாம் செய்வதைப் போல, மறுபடியும் அழுத்தினார்கள். செயற்குழு இதை ஆழ்ந்து பரிசீலித்து, "திட்டமிட்ட மோசடி" என்று தீர்மானம் நிறைவேற்றியது.

"ரெண்டு கண்ணு இருக்கிறவனுக்கு எதுக்கு மூணு ஆபரேஷன்?" என்று மகாதேவன் கேட்டார். எல்லாரும் கைதட்டினார்கள்.

உடனே 'இரட்டைப் பதிவு ஒழிப்பு உபகுழு' உதயமானது. தலைவர் மகாதேவன். ஒரே உறுப்பினர் அவருடைய தங்கை மகன் ஷ்ரவண். விக்ரோலியில் சாஃப்ட்வேர் வேலை. தமிழ் பேசுவான்; படிக்கச் சொன்னால் கண்ணில் தூசி விழுந்துவிட்டதாகச் சொல்வான்.

"மாமா, பட்டனை ரெண்டாவது வாட்டி அமுக்க முடியாம பண்ணிட்டா போதும். பத்து நிமிஷ வேலை."

"பத்து நிமிஷத்துல முடியறதுக்கு உபகுழு எதுக்குடா? ஃபோன் நம்பரை வச்சுப் பிடி. ஒரு நம்பருக்கு ஒரு ஆள். அதுக்கு மேல வந்தா போலி."

"ஒரே ஃபோனை ரெண்டு பேர் யூஸ் பண்ணினா?"

"இந்தக் காலத்துல ஆளுக்கு ஒரு ஃபோன் கூடவா இல்லாம இருக்கும்? அபத்தமா பேசாதே."

அந்த நேரம் பார்த்து அவருடைய சட்டைப் பையில் ஒரு ஃபோனும் பேன்ட் பையில் ஒரு ஃபோனும் சேர்ந்து அடித்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு சிம்.

ஃபோன் போதாதென்று, பெயரும் விலாசமும் ஒத்துப்போனாலும் விரட்டும்படி ஏற்பாடாயிற்று. இனி சோதனை. இந்தப் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைக்க மகாதேவனுக்கு மனம் வரவில்லை. தம் நான்கு நம்பர்களிலும் தாமே பதிவு செய்து பார்த்தார்: மகாதேவன் டெஸ்ட், மகாதேவன் நியூ, மகாதேவன் ஃபைனல், மகாதேவன் ஃபைனல் டூ. நால்வருக்கும் "வாழ்த்துகள்! உங்களுக்குப் படுக்கை ஒதுக்கப்பட்டது" என்று பதில் வந்தது.

"பிரமாதமா வேலை செய்யறது!"

"மாமா, இதையெல்லாம் டிலீட் பண்ணிடட்டுமா?"

"பதிவான எதையும் அழிக்கப்படாதுன்னு தீர்மானம் இருக்கு. கையை வைக்காதே."

இப்படியாக மண்டலி வாசலில் காவல் நின்றது இயந்திரம். முகாமின் இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அதன் முன்னால் தாராவியிலிருந்து வந்து நின்றாள் முத்துமாரி. பக்கத்தில் அவள் புருஷன் கோமதிநாயகம், தோல் பை தைக்கிறவர். இன்னொரு பக்கம் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர்.

"சார், இவுக பேரு வரமாட்டேங்கு. எத்தன வாட்டி போட்டாலும் 'நீங்கள் ஏற்கெனவே இருக்கிறீர்கள்'னு வருது. இருக்காவதான், இல்லைன்னு யாரு சொன்னா? கண்ணுதான் தெரியல."

மகாதேவன் திரையைப் பார்த்தார். "மா. கோமதிநாயகம். நேத்தே ஆபரேஷன் ஆயிடுத்தே."

"அது இந்தா நிக்காவள்லா, இவுக பெரியப்பா மவன், அவுகளுக்கு. எங்க எல்லாத்துக்கும் என் ஃபோன்தான் சார். பெரியவுக இருக்கையில எம்புருசன் பேர மொதல்ல போட்டா குடும்பத்துல என்ன பேசுவாவ? அதான் அவுக பேர மொதல்ல போட்டேன்."

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரா?"

"தாத்தா பேரு சார். மூத்தவனுக்குத் தாத்தா பேரத்தான வைக்கணும்? மாரியப்பன் மவனும் மா. கோமதிநாயகம், மாடசாமி மவனும் மா. கோமதிநாயகம். எங்க சந்துல இன்னும் நாலஞ்சு கோமதிநாயகம் கிடக்காவ. கூப்பிட்டா சரியான ஆளுதான் திரும்பிப் பாப்பாவ."

பெரியவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "நல்லா பாருங்க சார். நான் ஒருத்தன். இவன் ஒருத்தன்."

மகாதேவன் ஒருவரைப் பார்த்தார், மற்றவரைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். அவர் நியாயவாதி.

"நீங்க ரெண்டு பேரா நிக்கறது எனக்குத் தெரியறது. ஆனா ஸிஸ்டத்துல ஒருத்தர்தான் இருக்கார். நான் எதை நம்பறது, சொல்லுங்கோ?"

கோமதிநாயகம் கட்டைவிரலை நீட்டினார். ஊசி குத்திக் குத்தி அது சல்லடையாகியிருந்தது. "தோலு எது, வெரலு எதுன்னு தெரியல சார். தீபாவளி ஆர்டர் வாரதுக்குள்ள கண்ணு சரியாகலைன்னா வேற ஆளப் பாத்துக்கிடுவேன்னுட்டாரு சேட்டு."

மகாதேவனுக்கு நெஞ்சு இளகியது. "கவலைப்படாதீங்கோ. அடுத்த வருஷம் வேற பேர்ல வாங்கோ." சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்ததும், "வேற நம்பர்ல" என்று திருத்திக்கொண்டார்.

அப்போது உள்ளேயிருந்து டாக்டர் ஹாஃபிஸா வந்தார். "செக்ரட்டரி சாப், நாலு பெட் காலி. மகாதேவன் டெஸ்ட், மகாதேவன் நியூ, மகாதேவன் ஃபைனல், ஃபைனல் டூ. கூப்பிட்டுக் கூப்பிட்டு நர்ஸுக்குத் தொண்டை போச்சு. எல்லாருக்கும் ஒரே பில்டிங், ஒரே ஃப்ளாட். நாலும் நீங்கதானா?"

பாராட்டு விழா மேடையில் பிரமுகர் வந்து அமர்ந்துவிட்டார். அவர் தலைக்கு மேல் 'இரட்டைப் பதிவு: பூஜ்யம்' என்று பேனர். மகாதேவன் அதை அண்ணாந்து பார்த்தார்.

"சே சே! அவாள்லாம் வேற வேற மனுஷா."

"அச்சா. எங்கே அவங்க? நீங்கதான்னா வந்து படுங்க, ஒரு கண்ணைப் பார்த்துடறேன்."

மகாதேவன் ஓரடி பின்வாங்கினார். முத்துமாரி ஓரடி முன்னே வந்தாள், புருஷனையும் இழுத்துக்கொண்டு.

"இந்தா நிக்காவ டாக்டரம்மா! இவுகதான் மகாதேவன் ஃபைனல்."

"ஏட்டி, நான் கோமதி..."

"நீங்க சும்மா இருங்க, ஃபைனலு!"

வரிசையில் ஓர் அசைவு. ஃபோன் ஒத்துப்போனதால் விரட்டப்பட்டு, வீட்டுக்குப் போகவும் மனமில்லாமல் நின்றுகொண்டிருந்தவர்கள் பலர். ஒரு கிழவர் "மகாதேவன் டெஸ்ட்" என்று கை தூக்கினார். இன்னொருவர் ஃபைனல் டூ ஆனார். மகன் ஃபோனில் பெயர் கொடுத்து மாட்டிக்கொண்ட முருகம்மாள், "நான் மகாதேவன் நியூ" என்றாள்.

"நீங்க பொம்பளையாச்சே!" என்றார் டாக்டர்.

"நியூன்னா அப்படித்தான் இருக்கும் டாக்டரம்மா."

டாக்டர் ஹாஃபிஸா சிரிக்கவில்லை. "நான் கண்ணைப் பார்த்துத்தான் ஆபரேஷன் பண்றேன், பேரைப் பார்த்து இல்ல. ஆனா நீங்க அடையாளம் சொல்லணும், செக்ரட்டரி சாப். மகாதேவன்கள் இவங்கதானா? இல்ல, நாலையும் டூப்ளிகேட்னு எழுதட்டுமா?"

மேடையில் மைக் செயலாளர் பெயரை அழைத்தது. மகாதேவன் நான்கு மகாதேவன்களையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"இவாதான்" என்று சொல்லி, நான்கு தாளிலும் கையெழுத்துப் போட்டார். நான்கும் ஒரே கையெழுத்து. வங்கிக்காரர் அல்லவா?

அன்று மேடையில் பிரமுகர், "ஒரு போலிகூட நுழைய முடியாத முகாம்" என்று பாராட்டி மகாதேவனுக்குப் பொன்னாடை போர்த்தினார். ஒரே ஒரு பொன்னாடை. இதில் இரட்டைப் பதிவுக்கு இடம் தரக் கூடாது என்று பிரமுகர் எண்ணியிருக்கலாம்.

அடுத்த வாரம் கோமதிநாயகம் சொட்டு மருந்து வாங்க முத்துமாரியோடு மண்டலிக்கு வந்தார். பார்வை கண்ணாடிபோல இருந்தது. மகாதேவன் திரையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"பேர்?"

"கோமதிநாயகம் சார். அன்னைக்கு வந்தோம்லா..."

"அவர் மருந்து வாங்கிண்டு போயாச்சு. ஒருத்தருக்கு ஒரு தரம்தான்."

முத்துமாரி அட்டையை நீட்டினாள். அதில் 'மகாதேவன் ஃபைனல்' என்று இருந்தது. பெயரைத் தட்டிப் பார்த்தார். ஸிஸ்டம் ஒப்புக்கொண்டது. நிமிர்ந்து பார்க்காமலே மருந்தைத் தள்ளினார்.

படி இறங்கும்போது கோமதிநாயகத்துக்கு ஆறவில்லை. "ஏட்டி, அன்னைக்கு அவ்வளவு நேரம் முன்னால நின்னோம். கண்ணு தெரிஞ்சு வந்துருக்கேன், ஒரு வாட்டி ஏறிட்டுப் பாக்கலியே அந்த மனுசன்?"

"எப்படிப் பாப்பாவ?" என்றாள் முத்துமாரி. "நாலு மகாதேவனுக்கும் கண்ணு தொறந்தாச்சு. நாற்காலியில இருக்காவள்லா, அந்த மகாதேவன்தான் இன்னும் பேரே குடுக்கல."