எடக்கு நட்டு

நான் ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் ஆசிரியை. நட்டு, போல்ட், அவற்றின் மரை, மரையின் கோணம், ஆழம் என்று நான்கு வருடங்கள் கரும்பலகை தேயத் தேய நடத்தியிருக்கிறேன். ஆனால் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அதுவரை என் கையால் நான் கழற்றிய ஆகப்பெரிய திருகாணி, குக்கர் கைப்பிடியில் இருப்பதுதான். (அதைத் திரும்ப மாட்டியது அப்பா.)

கல்யாணமாகி மூன்றாவது மாதம், கணவரின் ஊரான கொல்லிமலைக்குப் போயிருந்தேன். அங்கே திருப்புலி நாடு என்ற பகுதியில், வீட்டை ஒட்டியே அத்தை, அதாவது என் மாமியார், மாவு மில் நடத்துகிறார். மறுநாள் கோயில் விருந்து. ஊருக்கே களி கிண்ட ராகி அரைக்க வேண்டும். டின்னும் மூட்டையுமாக வாசலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மாவு ரவை ரவையாக விழ ஆரம்பித்தது.

"அடிக்கிற தகடு தேஞ்சு போச்சு. நட்டக் கழட்டி வேற போடோணும்" என்று அத்தை ஸ்பேனரை எடுத்தார்.

நான் பாய்ந்து பிடுங்கினேன். "குடுங்க அத்தை. இது எங்க சப்ஜெக்ட்!"

"இல்ல கண்ணு, அந்த நட்டு வந்து எட..."

"எனக்குத் தெரியும் அத்தை."

அத்தோடு விட்டிருக்கலாம். இத்தனை பெண்கள் பார்க்கிறார்களே! பாடம் எடுத்தேன். "மரைங்கிறது வேற ஒண்ணுமில்லைங்க. ஒரு சரிவை உருளை மேல சுத்தினா அதான் மரை. நேரா ஏற முடியாத மலையை உங்க ரோடு சுத்திச் சுத்தி ஏறுதில்லையா, அதே மாதிரி."

முன்வரிசையில் ஓர் அம்மா யோசித்துவிட்டுச் சொன்னார்: "நம்ம ரோடு எங்கீங்க சுத்துது? முன்னுக்கும் பின்னுக்கும் வளைஞ்சில்ல ஏறுது?"

நியாயமான சந்தேகம். கேட்காததுபோல நட்டின் பக்கம் திரும்பினேன். எல்லா நட்டையும் போல இடப்பக்கமாகத் திருகினேன். அசையவில்லை. ஸ்பேனரின் வாலில் மூன்றடி இரும்புக் குழாயைச் செருகினேன். (நெம்புகோல் தத்துவம். அதுவும் என் பாடம்தான்.) இரண்டு பெண்களைத் துணைக்குக் கூப்பிட்டு, மூவருமாகத் தொங்கினோம்.

'டக்.'

நட்டு கையோடு வந்தது. அதற்குள் ஒடிந்த அச்சின் முனையும் இருந்தது.

மில்லின் அச்சு சுழலும் வேகத்தில் நட்டு தானாகக் கழன்றுவிடக் கூடாது. அதற்காகச் சில இயந்திரங்களில் மரையை எதிர்ப்பக்கமாக வெட்டியிருப்பார்கள். அதை வலப்பக்கம் திருகினால்தான் கழலும். இடப்பக்கம் திருகினால் இன்னும் இறுகும். இதை நான் இரண்டு மதிப்பெண் கேள்வியாகவே கேட்டிருக்கிறேன்.

அத்தை தானே பெல்ட்டை அவிழ்த்து, அச்சை உருவி, பழைய துண்டில் சுற்றினார். "வா சாமி, பஸ்ஸு வந்துரும்" என்றார். அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் இறங்கும்வரை அந்தத் துண்டு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நான் செத்துப் பிழைத்தேன்.

லேத் பட்டறையில் கிரீஸ் படிந்த சட்டையோடு ஒரு பெண் நிமிர்ந்தாள். "மேடம்! நீங்களா?"

ஷாஹினா. என் பழைய மாணவி. என் பேப்பரில் இரண்டு முறை தோற்றவள். இப்போது அவள் அத்தாவின் (அப்பாவின்) பட்டறையை அவள்தான் பார்த்துக்கொள்கிறாளாம்.

உடைந்த துண்டைத் திருப்பிப் பார்த்தாள். "லெஃப்ட் மரை. யாரு, எந்தப் பக்கம் சுத்துனது?"

நான் அந்தப் பழைய துண்டை மடிக்க ஆரம்பித்தேன்.

"நாந்தானுங்க கண்ணு. வயசாச்சுல்ல, மறந்து சுத்திப்புட்டேன்" என்றார் அத்தை.

அதைத்தான் தாங்க முடியவில்லை. "இல்ல ஷாஹினா, நான்தான் உடைச்சேன். அத்தை சொல்ல வந்தாங்க, நான் கேக்கல" என்றேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

நட்டுக்குள் சிக்கிய துண்டைத் திருகி எடுத்துவிட்டு, அச்சின் உடைந்த முனையில் வெல்டிங் வைத்து வளர்த்து, லேத்தில் மாட்டி உருளையாகக் கடைந்தாள். சீப்பு போன்ற ஓர் அளவுகோலை, கழற்றிய துண்டிலிருந்த பழைய மரையின் பற்களில் வைத்து இடைவெளி பார்த்தாள். லேத்தின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து பல்சக்கரங்களை மாற்றினாள். அச்சு ஒரு சுற்றுச் சுற்றினால், வெட்டும் உளி சரியாக ஒரு பல் தூரம் நகர வேண்டும். மரை வெட்டுவதன் மொத்த ரகசியமும் அவ்வளவுதான். பக்கம் பக்கமாக எழுதிப்போட்டிருக்கிறேன். கண்ணால் ஊன்றிப் பார்த்ததில்லை.

முதல் ஓட்டத்தில் ஒரு முடியளவு கோடு. உளி வழக்கத்துக்கு மாறாக உள்ளிருந்து வெளியே நகர்ந்தது. பின்னுக்கு இழுத்தாள், மறுபடி ஓட்டினாள். உளி அதே கோட்டில் போய் விழுந்தது. சுழன்றுகொண்டே இருக்கும் இரும்பில், மயிரிழை பிசகாமல், அதே பள்ளத்தில்! மூன்றாவது, நான்காவது ஓட்டத்தில் பற்கள் எழும்பி வெள்ளியாகப் பளபளத்தன. நானும் அத்தையும் எப்போது கையைப் பிடித்துக்கொண்டோம் என்று தெரியவில்லை.

சட்டென்று நிறுத்தினாள். "கேட்டீங்களா மேடம்? சீறுச்சு. ஆழம் அதிகமாக் குடுத்துட்டேன்." கொஞ்சம் குறைத்து ஓட்டினாள். சத்தம் இதமானது. "சத்தம் மாறினா நிறுத்தணும்னு பரீட்சையில எழுதியிருந்தேன். நீங்க சிவப்புல அடிச்சு, 'தேவையற்றது'ன்னு போட்டீங்க."

போட்டேன்தான். பத்துக்கு இரண்டு.

கடைசியில் நட்டை இரண்டு விரலால் வைத்துச் சுழற்றினாள். அது தடுக்காமல், ஆடாமல், எதிர்ப்பக்கமாக ஏறிப் போய் உட்கார்ந்தது. கோயிலில் கும்பிடுவதுபோல எனக்குக் கை கூப்பத் தோன்றியது. அத்தை கூப்பியே விட்டார்.

அன்று சாயங்காலமே மில் ஓடியது. விருந்தில் களிக்குக் குறைவில்லை. பட்டறையில் என் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்ட அத்தை, ஊருக்குள் மட்டும் இன்றுவரை என்னை விட்டுவைப்பதில்லை. மாவு அரைக்க வருகிறவர்கள் "மருமக என்ன வேலைங்க?" என்று கேட்டால் போதும்.

"மெஷினுக்கு வாத்தியாருங்க. சில பேருக்கு மரை கழண்டுக்கும்பாங்க. எங்க புள்ளைக்கு அதெல்லாம் இல்லீங்க, ஒடச்சே போடும்."