வெயிலில் வைத்த க்யூப்

எங்கள் வீட்டில் அந்த நாளில் எல்லாரும் ஐயமின்றி நம்பியது ஒன்று உண்டு: தேங்காய் எண்ணெய்க்கு இளகாத பொருள் உலகத்தில் இல்லை. கதவுக் கீல், தையல் இயந்திரம், விரலில் இறுகிய மோதிரம், குழந்தையின் நெஞ்சுச் சளி என்று எது முரண்டு பிடித்தாலும் என் கணவர் சமையலறைக்குப் போய் எண்ணெய்ப் புட்டியுடன் திரும்புவார். (என் மாமனாருக்குப் பொள்ளாச்சியில் சொந்தச் செக்கு இருந்தது. அதைச் சொல்லாமல் மேலே போவது நியாயமாகாது.) நான் புத்தகங்களுக்கு நடுவில் வளர்ந்தவள், எதற்கும் ஆதாரம் கேட்பவள் என்று பெயர் எடுத்தவள். ஆனாலும் நெடுநாள் இல்லறத்தில் அந்த நம்பிக்கை எனக்குள்ளும் மெல்லக் கசிந்து இறங்கியிருந்தது. ஒரு பள்ளியின் பெற்றோர் அத்தனை பேர் முன்னிலையிலும் நான் மேடையில் விழித்துக்கொண்டு நின்றதற்கு அந்தக் கசிவே காரணம்.

பெரியநாயக்கன்பாளையத்துக்கு அருகில் ஒரு பள்ளியில் நான் நூலகராக இருந்தேன். வகுப்பில் பறிமுதலாகும் பொருள்கள் எல்லாம் என் மேசை இழுப்பறைக்கு வரும். பம்பரம், சீட்டுக்கட்டு, ஒரு முறை தீப்பெட்டிக்குள் உயிரோடு ஒரு பொன்வண்டு. அந்த வழியில்தான் ஒன்பதாம் வகுப்பு நிவேதாவின் க்யூப் என்னும் நிறக்கட்டைப் புதிரும் வந்து சேர்ந்தது. ஆறு பக்கமும் ஆறு நிறமாக, தீர்த்து வைத்த நிலையிலேயே வந்தது. மதிய வேளையில் நூலகத்தில் யாரும் இல்லாதபோது அதை ஒரு திருப்புத் திருப்பினேன். பிறகு அதைச் சரிசெய்ய இன்னொரு திருப்பு. மாலை மணி அடித்தபோது நிறங்கள் திருவிழாக் கூட்டம் போலக் கலைந்து கிடந்தன.

படித்தவர்கள் செய்வதையே நானும் செய்தேன். கைபேசியில் காணொளிகளைத் தேடி, சூத்திரங்களை மனப்பாடம் செய்தேன். வலம் மேல், மேல் இடம், வலம் கீழ் என்று சுலோகம் போல முணுமுணுத்தபடி திருப்புவேன். நடுவில் யாராவது "மிஸ், அகராதி எங்கிருக்குதுங்க?" என்று கேட்டுவிட்டால் போதும், சுலோகம் அறுந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். இப்படியே மூன்று நிமிடத்தில் முடிக்கக் கற்றுக்கொண்டு, என்னைவிடக் கெட்டிக்காரி கொங்கு நாட்டில் இல்லை என்று எண்ணிக்கொண்டேன்.

பொருளைத் திரும்பக் கேட்க வந்த நிவேதா, கதவருகில் நின்று இந்தக் காட்சியைக் கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறாள். அவள் முகத்தில் இருந்தது மரியாதை கலந்த இரக்கம்.

"மிஸ், நீங்க க்யூபைப் பாக்கறதே இல்லீங்க. வாயிலயேதான் பண்றீங்க."

பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினாள். அடியில் வெள்ளைக் கட்டைகள் சிலுவை வடிவில் அமைந்ததும் சூத்திரத்தை மறந்துவிட வேண்டுமாம். ஒரு மூலைக் கட்டையைக் கண்ணால் பிடி. அதே நிறங்கள் உள்ள ஓரக் கட்டை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடு. இரண்டையும் மேலடுக்கிலேயே ஜோடி சேர். சேர்ந்த ஜோடியை அதற்குரிய சந்தில் இறக்கு. இப்படி நான்கு ஜோடி. கடைசி மேலடுக்குக்கு மட்டும் சில சூத்திரங்கள் போதும். மூலையைத் தனியாகவும் ஓரத்தைத் தனியாகவும் வீட்டில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்த எனக்கு, இரண்டையும் கைகோத்து அனுப்பலாம் என்பது அதுவரை தோன்றியதே இல்லை.

அவளுடையதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எனக்கென்று ஒரு க்யூப் வாங்கிக்கொண்டேன். அதற்குப் பின் என்னைப் பிடித்துக்கொண்ட ஆர்வத்தை எப்படிச் சொல்வது? சிங்காநல்லூரில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். இரண்டிலும் என் கண் ஜோடி தேடிக்கொண்டே போகும். மிக வியப்பான செய்தி, கையை மெதுவாக்கினால் நேரம் குறைந்தது என்பதுதான். வேகமாகத் திருப்பும்போது கண் கையைப் பார்க்கிறது. நிதானமாகத் திருப்பினால், கை ஒரு ஜோடியை இறக்கும்போதே கண் அடுத்த ஜோடியைத் தேடப் போய்விடுகிறது. நல்ல வாசகரும் இப்படித்தான் படிக்கிறார். உதடு ஒரு சொல்லில் இருக்கும்போது விழி அடுத்த சொல்லில் இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் படித்தும் இதை நான் கவனித்திருக்கவில்லை. சில மாதங்களில் என் நேரம் ஒரு நிமிடத்துக்குள் வந்தது.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் நிவேதாவின் கூட்டாளிகள் ஆளுக்கொரு க்யூபோடு நூலகத்தில் கூடலானார்கள். சத்தமில்லாமல் நடந்த அந்தக் கூட்டம் தாளாளர் காதுக்குப் போயிற்று. அவர் மில் குடும்பத்துப் பெரியவர். கோபத்தைக்கூட 'ங்க' போட்டுத்தான் காட்டுவார். புத்தகம் படிக்கிற இடத்தில் கட்டையைத் திருகுவது ஏன் என்று கேட்டார். சூத்திரத்தை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதில் என்ன சிந்தனை இருக்கிறது என்றும் கேட்டார். மனப்பாடமே இல்லாமல் பெரும்பகுதியைப் பார்த்தே செய்யலாம் என்று நான் வாதாடினேன். (வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.)

"அப்ப ஒண்ணு செய்யலாங்க. ஆண்டு விழாவுல மேடையில செஞ்சு காட்டுங்க. ஒரு நிமிசத்துல முடிஞ்சா வெள்ளிக்கெழமை உங்களுது. இல்லீன்னா அல்லாத்தையும் டிராயர்ல போட்டுப் பூட்டிருங்க."

விழா நாள் காலையில் க்யூப் கிறீச்சிட்டது. காப்பி குடித்துக்கொண்டிருந்த என் கணவருக்கு அந்த ஓசை பொறுக்கவில்லை. நான் படிக்கும் எதையும் அவர் தொட்டதில்லை. என் உலகத்துப் பொருளில் அவர் கைவைத்தது அன்றுதான் முதல் முறை. ஒவ்வொரு பக்கத்தையும் பாதி திருப்பி, உள்ளே தெரிந்த இடுக்குகளில் அடுப்பருகே இருந்து இளகியிருந்த எண்ணெயை ஊக்கின் முனையால் சொட்டுச் சொட்டாக விட்டு, துண்டால் துடைத்துக் கொடுத்தார். "இப்பத் திருப்பிப் பாரு அம்மணி" என்றார். வெண்ணெய் போல ஓடியது. அதுவரை நான் எட்டாத வேகத்தை அன்று எங்கள் உணவு மேசையில் எட்டினேன்.

விழா நகரத்தில் ஒரு வாடகை அரங்கில் நடந்தது. தை மாதம், வெளியே இதமான வெயில். ஆயினும் உள்ளே குளிர்சாதனம் முழு வேகத்தில் ஓடியது. (அதற்கும் சேர்த்து வாடகை கொடுத்தாயிற்று அல்லவா? ஓடத்தானே வேண்டும்!) இறைவணக்கம், ஆண்டறிக்கை, மழலையர் நடனம் எல்லாம் முடியும்வரை என் கைப்பை குளிர்காற்றின் துவாரத்துக்கு நேர்கீழே இருந்தது.

மாணவர்கள் யாரும் க்யூப் கொண்டுவரக் கூடாது என்று தாளாளர் முன்னமே சொல்லியிருந்ததால், அரங்கம் முழுவதற்கும் என் கையில் இருந்த ஒன்றுதான். அதை நிவேதா கலைத்துக் கொடுத்தாள். "கொஞ்சம் டைட்டா இருக்குதுங்க மிஸ்" என்று காதில் சொன்னாள். பதற்றத்தில் நான் அதைக் கேட்டும் கேட்கவில்லை. என் பின்னால் திரையில் கடிகாரம் ஓடத் தொடங்கியது.

முதல் திருப்பிலேயே தெரிந்துவிட்டது. அது க்யூப் இல்லை, ஆட்டுக்கல். தட்டுத்தடுமாறிச் சிலுவையை முடித்தேன். முதல் ஜோடியைச் சேர்த்தேன். வலப்பக்கத்தைத் தூக்கி, ஜோடியைச் சந்தின் தலைக்கு நேராகக் கொண்டுவந்தேன். இனி வலப்பக்கத்தைக் கீழே இறக்கினால் போதும், ஜோடி வீடு சேரும். இறங்கவில்லை. ஊறுகாய் ஜாடியைத் திறப்பது போலப் புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு முறுக்கினேன். அறிவிப்பாளர் ஆசிரியை, பார்வையாளர்களுக்கும் கேட்கட்டும் என்று ஒலிவாங்கியை என் கைக்கருகில் நீட்டினார். வறண்ட கிணற்றின் ராட்டினம் போல ஒரு முனகல் அரங்கம் முழுவதும் எழுந்து அடங்கியது. ஒரு நிமிடம் கடந்துவிட்டது. முன்வரிசையில் நிவேதா தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போதுதான் மூன்றாம் வரிசையிலிருந்து என் கணவர் எழுந்தார். அவர் குரல் சந்தைக்குப் பழகிய குரல்; அதற்கு ஒலிவாங்கி வேண்டாம்.

"அம்மணி, எண்ணெ ஒறஞ்சு போச்சாட்டங்குது. வெயில்ல வெய்யி."

மார்கழியும் தையும் வந்தால் எண்ணெய்ப் புட்டியை வெயிலில் வைக்காத வீடு அந்த அரங்கத்தில் ஒன்றும் இருந்திருக்காது. கூரை அதிரும்படி சிரிப்பு. பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்று நான் கீழே பார்த்தேன். பலகை மேடை உறுதியாக இருந்தது.

தாளாளர் மட்டும் சிரிக்கவில்லை. "என்ன எண்ணெங்க உட்டீங்க?" என்று விசாரித்தார்.

நான் வாய் திறப்பதற்குள் கீழேயிருந்து பதில் வந்தது. "தேங்கா எண்ணெங்க. நம்ம செக்குல ஆட்டுனதுங்க. பொள்ளாச்சி."

"அப்ப ஒறையத்தான் செய்யும். நல்ல எண்ணெயின்னா ஒறையோணுமுங்க." தோல்வி என் பேரிலும் பெருமை என் மாமனார் பேரிலும் பதிவான பிறகு, அவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "வாங்க, வெளிய போலாம்."

காப்பி இடைவேளை முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. சிறப்பு விருந்தினரின் கார் முகப்பில், நல்ல வெயிலில், க்யூபை வைத்தோம். அதைச் சுற்றிப் பள்ளியே காப்பிக் கோப்பைகளுடன் நின்றது. எண்ணெய் இளகும்வரை செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் தாளாளர் குனிந்து க்யூபைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வழக்கமாகக் கண் இமைப்பதற்குள் கடந்துபோகும் நிலை அது. உறைந்த எண்ணெய் அதை அவருக்காகப் பிடித்து நிறுத்தியிருந்தது. தூக்கிய பக்கமும் திறந்த சந்தும் அதன் தலைமேல் காத்திருந்த ஜோடியும் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தன.

"இந்தச் செவப்பும் இந்தச் செவப்பும் ஒண்ணுதானுங்க?"

ஆமாம் என்றேன். பக்கத்துப் பச்சையையும் அவரே கண்டுபிடித்தார். விரலால் தொடாமல் காற்றில் ஒரு கோடு இழுத்தார். நான் விளக்க வாயெடுத்தபோது, நிவேதா என் புடவை முந்தானையை லேசாகப் பிடித்து இழுத்தாள். சொல்லாதே என்று அர்த்தம்.

"அப்ப இது ரெண்டுஞ் சேந்து இதுக்குள்ள எறங்கோணும்" என்று தமக்கே சொல்லிக்கொண்டு, அந்தப் பெரியவர் க்யூபை எடுத்து வலப்பக்கத்தைக் கீழே இறக்கினார். இளகியிருந்தது. ஜோடி வீடு சேர்ந்தது. விரலில் வழிந்த எண்ணெயைக் கூட அவர் கவனிக்கவில்லை. "இதுக்கு என்னங்க சூத்தரம்?" என்று கேட்டார்.

"சூத்திரம் இல்லீங்க. நீங்க பாத்துத்தானுங்க செஞ்சீங்க" என்றாள் நிவேதா.

அவர் க்யூபை என்னிடம் தரவில்லை. அடுத்த ஜோடியைத் தேடிக்கொண்டே உள்ளே போய்விட்டார். அந்த வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு அதைத் திருப்பித் தர அவரே வந்தார். ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பாடவேளை பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை.

மேடைக் கடிகாரத்தை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லையாம். விழாக் காணொளியில், வெறும் மேடைக்குப் பின்னால் என் நேரம் முக்கால் மணியைத் தாண்டி ஓடுவதை இன்றும் காணலாம். எங்கள் மகளுக்கு வரன் தள்ளிப்போனபோதும், பட்டா மாறுதல் இழுத்தடித்தபோதும், உறவில் யாராவது ஒருவர் "வெயில்ல வெய்யி" என்று சொல்லத் தவறியதில்லை.

நிவேதா இப்போது ஓசூரில் வேலை செய்கிறாள். தாளாளர் காலமாகிவிட்டார். மாமனாரும் அவருடைய செக்கும் போயாயிற்று. மகள் கடல் கடந்து இருக்கிறாள். எண்ணெய் பட்டுப் பாதி நிறத்தாள்கள் உரிந்த க்யூப் புத்தக அலமாரியில் இருக்கிறது. தை பிறந்தால் என் கணவர் அதையும் எண்ணெய்ப் புட்டியோடு மாடிக் கைப்பிடிச் சுவரில் கொண்டுபோய் வைக்கிறார். ஏன் என்று நான் கேட்பதில்லை. இந்த வீட்டில் இப்போது நாங்கள் இருவர் இருக்கிறோம்.