ஹம்மிங் அண்ணையின் தனி அல்பம்

பக்கத்தில் ஆள் இல்லாமல் ஒரு வரிகூடப் பாட முடியாத தனிப்பாடகர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் பேசாலை ஹம்மிங் அண்ணை.

அந்த நாளில் மன்னாரில் எந்தக் கோயில் பெருநாள் என்றாலும் மேடையில் ஓர் இரட்டையர் பாடுவார்கள். ஒருவர் பாட்டு முழுவதையும் பாட, மற்றவர் நடுநடுவே "ஆ... ஆ..." என்பார். அந்த "ஆ... ஆ..."தான் அண்ணை. ஒரு பெருநாளில் முதலாமவர் அதையும் தானே பாடிவிட்டார். அண்ணை மைக்கைக் கதிரையில் வைத்துவிட்டு இறங்கினார். "இனி நான் தனி!"

நாட்டில் போர் முடிந்து நாங்கள் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து வந்து குடியேறியிருந்த நேரம். ஊருக்கு நாங்கள் 'இந்தியாக்காரர்'. முகாமிலேயே பிறந்த என் மனைவி, தன் தமிழ்நாட்டுப் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள் என்று வாசலுக்கே வரமாட்டாள். நான் அங்கே ஒலிப்பதிவு பழகியவன். அதை எப்படியோ அறிந்து அண்ணை வந்து நின்றார்.

"தம்பி, அல்பம் உங்கட வீட்டிலதான். ஸ்டூடியோக்காரன் என்னைக் கண்டதும் கதவைப் பூட்டிப்போட்டான்."

வெளியே கடல் இரைச்சல். அது பதிவில் விழாதிருக்க அண்ணை எங்கள் உடுப்பையெல்லாம் கட்டிலில் அள்ளிப் போட்டுவிட்டு அலுமாரிக்குள் ஏறி உட்கார்ந்தார். இசையைப் போட்டேன். அவர், மேடையில் முதலாமவர் நிற்கும் இடப்பக்கம் திரும்பிப் பலகையைப் பார்த்தபடி இருந்தார். பாட்டு வரவில்லை.

"என்னண்ணை?"

"ஆராவது தலையாட்டினாத்தானே தம்பி நான் தொடங்கலாம்!"

பிறகு என் மனைவியைக் கூப்பிட்டார். "பிள்ளை, நீங்கள் பாடவேண்டாம். இதில நிண்டு தலையை மட்டும் ஆட்டுங்கோ."

அவள் ஆட்டினாள். அவர் பாடினார். அலுமாரிக்குள் கச்சேரி என்று கேள்விப்பட்டு அயல்சனமே திரண்டுவந்தது. கொக்கரித்த கோழிகளைப் பெண்கள் மடியில் அமுக்கிக்கொண்டு முற்றத்தில் இருந்தார்கள். பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில் என் மனைவியோடு கதைத்தார்கள். அவளும் கதைத்தாள்.

வெளியீட்டு விழா கோயில் வளவில் நடந்தது. மேடைக்கும் அவள் போகவேண்டியிருந்தது.

"அண்ணே, எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் பிள்ளை. நான் பாடினா எப்பிடியும் சிரிப்பினம்."

கீழேயிருந்து ஒருவர் கத்தினார்: "ஆரண்ணை அது, இந்தியாக்காரியோ?"

அண்ணை மைக்கைப் பிடித்தார். "இவ எங்கட ஊர்ப் பிள்ளை. இவ தலையாட்டாட்டி அல்பமே இல்லை!"

கைதட்டலில் அவள் தலையாட்ட மறந்துபோனாள். அண்ணை பொறுமையாகக் காத்திருந்தார்.

அல்பம் ஓடவில்லை. ஆனால் அன்று மேடையை விட்டு இறங்கிய என் மனைவியை ஆளுக்கொரு பக்கமாகச் சாப்பிட இழுத்தார்கள். அண்ணை, ஒரு பாட்டிலும் உங்களுக்குச் சுருதி சேரவில்லை. எங்களை மட்டும் ஊரோடு சேர்த்துவிட்டீர்கள்.