கலையரங்கில் பாய் சுருட்டிய கதை

அரங்கு நடத்துவது ஒரு கலைத்தொண்டு என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர் வாழ்நாளில் அரங்கு நடத்தாதவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு வருஷம் நடத்தியிருக்கிறேன். அந்த ஒரு வருஷத்தில் கலைக்கு நான் செய்த தொண்டு மேடையில் ஆட்டுப் புழுக்கை கூட்டியதுதான். மிச்ச நேரமெல்லாம் சண்டை பிடித்தேன், சண்டை விலக்கினேன், அல்லது வேறு யாரோ பிடித்த சண்டைக்கு நான் போய் மன்னிப்புக் கேட்டேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. தீவுப்பகுதியில் எங்கள் ஊர்க் கிராமசபை ஒரு கலையரங்கு கட்டியிருந்தது. எந்தத் தீவு, எந்தச் சபை என்று சொல்லமாட்டேன். (அப்போது சபையில் இருந்தவர்கள் இப்போதும் சந்தையில் என் எதிரில் வருகிறார்கள். எனக்கும் அங்கேதான் சீவியம்.) கலையரங்கு என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மேடைக்கு மட்டும் ஓடு போட்ட கூரை. பார்க்க வரும் சனத்துக்கு நாலு பக்கமும் மதில், கீழே கடற்கரை மணல், மேலே ஆகாயம். மேடைக்குப் பக்கத்தில் ஒரு சாமான் அறை. சனம் இருக்கிற இடத்துக்குக் கூரை பிறகு வரும் என்றார்கள்.

நான் சபையின் வாசிகசாலையில் தற்காலிகமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அரங்கைப் பொறுப்பெடுக்க ஆம்பிளைகள் ஒருவரும் முன்வராததால் சேர்மன் என்னைக் கூப்பிட்டார்.

"தவமணி, நீர்தான் பொறுப்பு. பொம்பிளைப் பிள்ளை நிண்டால் ஒருத்தரும் குடிச்சிட்டு வரமாட்டினம்" என்றார்.

வந்தார்கள். என்னைக் கண்டதும் மரியாதையாகத் தோளிலிருந்த சால்வையை எடுத்தார்கள், அவ்வளவுதான்.

நான் ஏன் ஒப்புக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வருஷம் முடிய என் வேலையை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று சபை கூடி முடிவு செய்யும். அப்பா இல்லை. அண்ணை கிளிநொச்சியில் வயல் செய்துகொண்டிருந்தார். அண்ணி வயிற்றில் மூன்றாவது. "வேலை சரிவராட்டில் தவமணி இஞ்சை வந்து நிக்கட்டும், எனக்கும் ஒரு கை உதவி" என்று அண்ணி சொல்லியனுப்பியிருந்தா. அந்தக் கை உதவியின் நீளம் எனக்குத் தெரியும். விடியக் குசினிக்குள் போனால் விளக்கு வைத்த பிறகும் வெளியே வர ஏலாது. அம்மாவுக்கும் அது தெரியும். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசுவதில்லை.

ஆகவே அந்த வருஷம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சோளகக் காற்றில் மேடைத் திரை கிழிந்து பறந்து மூன்று வளவு தள்ளிப்போய் ஒரு பனையில் தொங்கியது. சபை உறுப்பினர் ஒருவரின் மைத்துனர் ஒப்பனை அறையில் புகையிலையைக் காயத் தொங்கவிட்டதால், நாடகத்து மகாராணி தும்மிக்கொண்டே சபைக்கு வந்தா. ஒரே நாளில் இரண்டு கூட்டத்தார் நாடகம் போட வந்து நின்றார்கள். இரண்டு பக்கமும் நியாயம். சேர்மன் இரண்டு பேருக்கும் ஓம் சொல்லியிருந்தார். (ஓம் சொல்வது அவருக்கு ஒரு வருத்தம், தீராத நோய். அதற்கான மருந்தை நான் குடித்தேன்.) இரவில் படுத்தால் கனவிலும் யாரோ பெற்றோல்மாக்ஸுக்கு மண்ணெண்ணெய் கேட்டார்கள்.

வருஷக் கடைசியில் சேர்மன் ஒரு நாள் முகமெல்லாம் மலர்ந்துபோய் வந்தார்.

"யாழ்ப்பாணத்திலையிருந்து ஒரு பெரியவர் வாறார், தவமணி. அவர் மனம் வைச்சால் எங்களுக்குக் கூரை. கரைப்பக்கத்து ஆக்களின்ரை கூத்துப் போடுவம். விடிய விடிய வேண்டாம், ரெண்டு மணித்தியாலத்துக்குச் சுருக்கச் சொல்லும். முன்னுக்குக் கதிரை போடும், பட்டினத்திலை மாதிரி."

"முன்னுக்கோ? எங்கடை சனம் பாய் போடுமே, ஐயா."

"அதை நீர்தான் பாக்கவேணும். ஒரு முறைப்பாடும் வரக்கூடாது. ஒண்டு வந்தாலும் கமிட்டியிலை உமக்காக நான் வாய் திறக்க ஏலாது, சொல்லிப்போட்டன்."

எங்கள் பக்கத்தில் கூத்தோ மேளமோ நடந்தால் சனம் மத்தியானமே பாய் கொண்டுவந்து இடம் பிடித்துவிடும். பாயை விரித்து, காற்றுக்குப் பறக்காமல் நாலு மூலைக்கும் நாலு கல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். சமைத்து, குளித்து, சாப்பிட்டு, பொழுதுபட வருவார்கள். அதுவரையில் பாய்தான் அந்தக் குடும்பம். காவல் தேவையில்லை. அடுத்தவன் பாயை ஒருவரும் தொடமாட்டார்கள். மேடையோடு ஒட்டிப் பாய்கள், அதற்குப் பின்னால் பெரிய மனிதர்களுக்குக் கதிரைகள். அதுதான் முறை, அதுதான் எல்லோருக்கும் மறைக்காமல் தெரியும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? நான் பிறந்து தவழ்ந்ததே அப்படி ஒரு பாயில்தான். ஆனால் நிரந்தர வேலை என்ற ஆசை மண்டைக்குள் ஏறினால் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும்.

அன்று நான் பள்ளிக்கூடத்தில் கதிரைகள் இரவல் வாங்கிக்கொண்டு பின்னேரம் வந்து பார்த்தால், மேடையடியிலிருந்து வாசல் வரை பாய். கதிரையின் ஒரு கால் வைக்கக்கூட இடமில்லை. முதல் வரிசையில் அம்மாவின் பாய். அம்மாவே பனையின் சார்வோலை வார்ந்து, சாயம் போட்டு, கரையில் சிவப்பும் பச்சையும் வைத்து இழைத்தது. விசேஷத்துக்கு மட்டும்தான் அதை வெளியே எடுப்பா. மகள் பொறுப்பாக இருக்கும் அரங்கில் பெரியவர் வருகிறார் என்று அன்று எடுத்திருந்தா.

நான் காவலாளி சூசை அண்ணையைக் கூப்பிட்டேன். "அண்ணை, பாயளைச் சுருட்டிச் சாமான் அறைக்குள்ளை வைப்பம்."

"எல்லாத்தையுமோ, தங்கச்சி?"

"ஓம். சனம் வரேக்கை வாசலிலை ஆளுக்கொரு பாய் குடுப்பம். கதிரைக்குப் பின்னாலை வரிசையாய் விரிச்சு இருக்கட்டும். போகேக்கை மாத்தி எடுக்கட்டும். பாய் பாய்தானே."

சூசை அண்ணை மறுப்புச் சொல்லுவார், நான் அதை மீறிச் செய்தேன் என்று கதை சொல்ல எனக்கும் ஆசைதான். அவர் மறுக்கவேயில்லை. சந்தோஷப்பட்டார். முந்திக் கொழும்பில் புடவைக் கடையில் நின்றவர். சுருட்டி அடுக்குவது என்றால் அவருக்கு உயிர். நான் கதிரைகளைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் பாய்களைச் சாமான் அறைக்குள் கொண்டுபோய், பெரியது கீழே, சிறியது மேலே என்று அளவு பார்த்து அடுக்கிவிட்டார். எது எந்த இடத்தில் கிடந்தது என்பதற்கு ஓர் அடையாளமும் மிஞ்சவில்லை. இரண்டு பேரும் நின்று அந்த அடுக்கைப் பார்த்து ரசித்தோம்.

பொழுதுபட முதலில் வந்தவ செல்லாச்சி மாமி. எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவ.

"பிள்ளை, என்ரை பாய் எங்கை?"

"இந்தாங்கோ மாமி, இதிலை இருங்கோ."

மாமி பாயை வாங்கவில்லை. "இது ஆற்றை?"

"ஆற்றை எண்டால் என்ன மாமி, பாய்தானே."

வேறொருத்தியின் புருஷனைக் காட்டி 'இண்டைக்கு இவரோடை இருங்கோ' என்று நான் சொன்னதுபோல மாமி என்னைப் பார்த்தா.

"துடக்கு வீட்டுப் பாயோ, பிள்ளை மூத்திரம் பெய்த பாயோ, ஆருக்குத் தெரியும்? நான் விரதக்காரி" என்று சொல்லிவிட்டு என்னைத் தள்ளிக்கொண்டு சாமான் அறைக்குள் போனா.

பின்னால் வந்தவர்களும் அதையே சொன்னார்கள். ஒருத்தி பாயை மணந்து பார்த்து, மீன் மணக்குது என்றா. மீன்பிடிக்கிற கரைப்பக்கத்து அக்கா ஒருத்தி, 'எங்கடை பாய் மணக்காது, உங்கடை பாய்தான் சாணி மணக்குது' என்றா. அந்தப் பேச்சுக்குள் சாதியும் இருந்தது. அதை யாரும் வாயால் சொல்லவில்லை, பாயின் பேரால் சொன்னார்கள். அரைமணித்தியாலத்தில் ஊர்ப் பெண்கள் எல்லோரும் சாமான் அறைக்குள். ஆம்பிளைகள் வாசலில் நின்று வெளியிலிருந்து புத்தி சொன்னார்கள். சூசை அண்ணை மட்டும், "அடுக்கைக் குலைக்காதையுங்கோ, மேலையிருந்து எடுங்கோ" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

இந்த நேரம் பார்த்துப் பெரியவரின் ஜீப் வந்தது. சேர்மன் மாலை போட்டு அவரை முன்வரிசையில் இருத்தினார். அவருக்குப் பின்னால் வெறும் மணல். திரை விலகியது. மத்தளம் அடித்தது. ராசா வரவு பாடிக்கொண்டு வந்தார், சபையைப் பார்த்தார். சபை சாமான் அறை வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. ஆனாலும் பாடினார். மூன்றாவது அடியில், அறைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "அது எங்கடை பாய், விடடி" என்று கேட்டது. ராசாவின் மனைவி. ராசா பாட்டை நிறுத்தி, கிரீடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து குதித்து ஓடினார். பின்னால் மந்திரியும் ஓடினார். மத்தளம் மட்டும் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது.

பெரியவர் திரும்பிப் பார்த்தார். "அங்கை என்ன நடக்குது?"

சேர்மனுக்கு வேர்த்துக் கொட்டியது. "அது... எங்கடை ஊர் வழக்கம் சேர். கூத்துக்கு முன்னம் பாய் எடுக்கிற சடங்கு."

(மனிதர் முன்பின் யோசியாமல் சொன்ன பொய்களில் அதுதான் உத்தமமானது.)

"அப்பிடியோ" என்று பெரியவர் ஆசையாக எழும்பிவிட்டார். அறைக்குள் இருட்டு. பெண்கள் பாயின் கரையைப் பார்க்க வெளிச்சம் கேட்டார்கள். பெரியவர் தானே ஒரு பெற்றோல்மாக்ஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். ஒவ்வொருத்தியும் தன் பாயைக் கண்டுபிடித்து வெளியே வந்தபோது தலையாட்டிச் சந்தோஷப்பட்டார். சேர்மன் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்த பார்வையில், நான் கிளிநொச்சி பஸ்ஸில் பாதித் தூரம் போய்விட்டேன்.

அம்மா வந்து வாசலில் நின்றது அப்போதுதான். பிந்தி வந்திருந்தா. கோயிலுக்குக் கட்டுகிற சேலை கட்டியிருந்தா. அவவுக்கு முன்னால் செல்லாச்சி மாமி வெளியே வந்தா. கையில் சிவப்பும் பச்சையும் கரை வைத்த பாய். மாமியின் பாய் எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். ஒரு பக்கம் கிழிந்து, சீலைத்துண்டு வைத்துத் தைத்தது.

எங்கள் அம்மாவை உங்களுக்குத் தெரியாது. வேலிக்கதியாலில் ஒரு கொப்பை ஆடு கடித்தால், ஆட்டுக்காரனின் மூன்று தலைமுறையை ஒரு மூச்சில் சொல்லி முடிப்பா. குரல் இறங்குதுறை வரைக்கும் கேட்கும். அம்மா வாயைத் திறந்தா. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சேர்மன் முந்திக்கொண்டார். பெரியவர் கேட்கக்கூடியதாக, "எல்லாருக்கும் பாய் கிடைச்சிட்டுதோ? ஆருக்கும் ஏதும் முறைப்பாடு இருக்கோ?" என்றார்.

அம்மா சேர்மனைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. பாயைப் பார்த்தா.

"ஒரு குறையும் இல்லை" என்றா. பிறகு மாமியிடம், "ஓம் அக்கா, அது உங்கடைதான். நல்ல பாய்" என்றா.

மாமி தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டா. அம்மா அறைக்குள் கிடந்த கிழிந்த பாயைத் திரும்பியும் பார்க்கவில்லை. போய், சேலையை ஒதுக்கிக்கொண்டு, வெறும் மணலில் இருந்தா.

நான் ஓடிப்போய், "எணை அம்மா, ஒரு கதிரையிலை இரணை" என்றேன்.

"மணல் குளிர்ச்சியாய்க் கிடக்கு. நீ போய் உன்ரை வேலையைப் பார்."

எனக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை. ராசா பாயோடு வீட்டுக்குப் போய்விடுவார் போல இருந்தது, அவரைப் பிடித்து மேடையில் ஏற்ற வேண்டியிருந்தது.

கூத்து எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியாது. பெரியவர் போகும்போது சேர்மனின் கையைப் பிடித்து, "கூத்தும் பரவாயில்லை. ஆனால் அந்தப் பாய் எடுக்கிறது அருமை. அதை விட்டுடாதையுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். கூரை இன்றுவரை வரவில்லை. முறைப்பாடும் வரவில்லை. சபை கூடி என்னை நிரந்தரமாக்கி, அதே மூச்சில் அரங்கிலிருந்து எடுத்துச் சந்தைப் பகுதிக்கு மாற்றியது. சந்தையில் சனம் கத்துவது மீனுக்காக மட்டும்தான். அந்த ஒரு வருஷத்துக்குப் பிறகு அது எனக்கு ஓய்வு மாதிரி இருந்தது. அண்ணி வேறு ஆள் பார்த்துக்கொண்டா.

செல்லாச்சி மாமி அந்தப் பாயை வெள்ளிக்கு வெள்ளி வேலியில் வெயிலுக்குப் போடுவா. அம்மா கோயிலுக்கு அந்த வழியாலேதான் போவா. பாயைப் பார்ப்பா, மாமியோடு சுகம் விசாரிப்பா, போவா. ஒரு நாளும் ஒரு சொல் கேட்கவில்லை. நான் இறுப்பிட்டியிலும் சாட்டிப் பக்கத்திலும் நல்ல இழைப்புக்காரரிடம் சொல்லி வைத்து அம்மாவுக்குப் பாய் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். திருப்பிப் பார்த்து, "நல்லாய்த்தான் கிடக்கு" என்று பரணில் போட்டுவிடுவா.

அம்மா வாயை மூடியது அந்த ஒரு நாள்தான். வீட்டுக்கு யார் வந்தாலும், "என்ரை பிள்ளைக்கு லஞ்சம் குடுத்துத்தான் வேலை எடுத்தனாங்கள். ஒரு பாய்" என்று தொடங்கிவிடுவா. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் சொன்னா. (அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்தவரைத்தான் கட்டினேன். இப்போது அவரும் சேர்ந்து சொல்கிறார்.) என் மகள் பள்ளிக்கூடத்தில், 'எங்கடை அம்மா லஞ்சம் குடுத்து வேலைக்குப் போனவ' என்று சொல்லி, ரீச்சர் என்னைக் கூப்பிட்டு விசாரித்ததும் நடந்தது.

போன மாதம் சம்பளம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா குசினி வாசலில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தா.

"சம்பளம் எடுத்தாச்சோ?"

"ஓம் எணை."

"உந்த வேலைக்குப் பென்சனும் இருக்கோ?"

"ஓம். சாகுமட்டும் வரும்."

அம்மா மீனைத் திருப்பிப் போட்டு வாலை வெட்டினா.

"அப்ப அந்தப் பாய் மலிவுதான்" என்றா.