பீரோவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து

அன்புள்ள தங்கச்சிக்கு அண்ணன் எழுதிக்கொண்டது. இடுப்பைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் நான் நலம். அங்கே நீயும் மச்சானும் முழுசாக நலமாக இருக்க வேண்டும்.

இது இப்படித்தான் முடியும் என்று உன் மகள் கல்யாண மண்டபத்திலேயே சொன்னவன் நான். போட்டோக்காரர் "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்று மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்ததே, அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. "வாயை மூடுண்ணா" என்றாய். ஆறு வருஷம் மூடியே வைத்திருந்தேன். இப்போது நீயே "ரெண்டு பேரையும் சேர்த்து வெச்சுட்டுத்தான் திரும்பணும்" என்று அனுப்பினாய். வந்து பதினேழு நாளாகிறது.

அச்சகத்தை மூடியதில் மாப்பிள்ளைக்கு வேலை போனது உனக்குத் தெரியும். பல் டாக்டரிடம் உன் மகள் டோக்கன் கொடுக்கிற சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. பிரிவது என்று முடிவு பண்ணிவிட்டார்கள், பிரிய வசதிதான் இல்லை. இங்கேயே பெரிய வக்கீலிடம் கூட்டிப் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். ஃபீஸைச் சொன்னார். "சார், இவ்வளவு காசு இருந்திருந்தா நாங்க ஏன் பிரியப்போறோம்?" என்றார் மாப்பிள்ளை. உன் மகள் சிரித்துவிட்டாள். எனக்கும் நம்பிக்கை வந்தது. படி இறங்குவதற்குள் யார் செருப்பை யார் மிதித்தது என்று ஆரம்பித்து, போச்சு.

அப்புறம் இலவச சட்ட உதவி அலுவலகத்தை நான்தான் கண்டுபிடித்தேன். போர்டு பெரிதுதான், ஆனாலும் அதற்கும் ஒரு கண் வேண்டும். அங்கிருந்த அம்மா, வக்கீலே வேண்டாம், ரெண்டு பேரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டால் போதும், இன்னொரு வாடகை கட்ட முடியாவிட்டால் இதே வீட்டில் தனித்தனியாக இருந்துகொள்ளுங்கள் என்றார். "ரெண்டு பேருக்கும் சம்மதமா?" "சம்மதம்!" ஒரே குரல். ஆறு வருஷத்தில் இவர்கள் ஒத்துப்போனது இது ஒன்றில்தான் தங்கச்சி.

தனித்தனி என்றால் நடுவில் சுவர் வேண்டாமா? எட்டுப் பேர் திணறுகிற பீரோவை ஒற்றை ஆளாக ஹால் நடுவுக்கு நகர்த்தினேன். இடுப்பு பிடித்தது அப்போதுதான். நகர்த்திய பிறகு பார்த்தால், பீரோக் கதவு மாப்பிள்ளை பக்கம், உள்ளே இருப்பதெல்லாம் உன் மகள் புடவை. ஃபேன் அவர் பக்கம், சுவிட்ச் இவள் பக்கம். "மாமா, ஃபேனைப் போடச் சொல்லுங்க." "மாமா, நேத்து டிபன் டப்பாவை ஏன் கழுவலைன்னு அவரைக் கேளுங்க, அப்புறம் காத்து வாங்கலாம்." பீரோ என்ன கோட்டைச் சுவரா? எல்லாம் அவரவர் காதில் விழத்தான் விழுகிறது. ஆனாலும் நான் திருப்பிச் சொன்னால்தான் விழுந்ததாகக் கணக்கு. பேசிப் பேசி எனக்கே அலுத்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்.

நேற்று கையெழுத்துப் போட வேண்டிய நாள். கேள். மாப்பிள்ளை பேனாவை எடுத்தார், கை நடுங்கியது, "என்னால முடியல" என்று தேம்பிவிட்டார். உன் மகள் மனுவைப் பிடுங்கிப் பரபரவென்று கிழித்து ஜன்னல் வழியாக வீசினாள். ஆபீஸே கைதட்டியது. காவலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆகவே நீ அழுகையை நிறுத்திவிட்டு ஒழுங்காகச் சாப்பிடு.

மச்சானுக்கு என் வணக்கம். எல்லோரும் நோய் நொடியில்லாமல் நூறு வயசு இருங்கள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: கிழித்தது நான் சேர்த்தது. யாரும் கிழிக்கவில்லை. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கை நடுங்கியது எனக்குத்தான், சாட்சிக் கையெழுத்து என்னுடையது. திரும்பும்போது பஸ்ஸில் ஒரே சீட்தான் காலி. "நீ உட்காரு" என்றார் மாப்பிள்ளை, அவளிடமே. அவளும் உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை அவளை அங்கே கூட்டிவருகிறேன். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று பதினேழு நாளாகப் பயந்துகொண்டிருக்கிறாள். வாசலில் நிற்க வைத்து ஒன்றும் கேட்காதே.