மாடி டெக்கில் பதிந்த மாப்பிள்ளை

கல்யாண வயதில் பிள்ளையை வைத்திருக்கும் அம்மாக்களின் கையில் போனைக் கொடுக்கவே கூடாது. பெண் வீட்டாரோடு பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், நமக்கே தெரியாத நம் திறமைகள் எல்லாம் வெளியே வந்துவிடும். என் அம்மா அப்படித்தான் ஒரு நாள் பள்ளிக்கரணையில் இருந்த பெண் வீட்டுக்குப் போன் போட்டு, "எங்க மாடியில மர டெக் இருக்கு சம்பந்தி, என் பையனே அவன் கையால போட்டது" என்று அள்ளி விட்டாள். (சம்பந்தி என்பதே அவசரம். அப்போது எதுவும் முடிவாகியிருக்கவில்லை.)

அஸ்தினாபுரத்தில் எங்கள் மொட்டை மாடியில் டெக் இருந்தது உண்மைதான். காற்று வாங்க உட்காருவதற்காக, வெட்டவெளியில் பலகைகளைப் பதித்துப் போட்ட தரை. போட்டது ஆசாரி. என் பங்களிப்பு, அவருக்கு டீ வாங்கி வந்தது. மழையிலும் வெயிலிலும் கிடந்து அது பாசி பிடித்து, சாம்பல் நிறமாகி, உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் சிலாம்பு குத்திக்கொண்டிருந்தது.

நித்யாவின் அப்பா இந்தப் புளுகைக் கேட்டு உருகிப்போய், ஞாயிற்றுக்கிழமை வருகிறோம், அந்த டெக்கிலேயே உட்கார்ந்து காபி சாப்பிடலாம் என்றார். நித்யா யாரென்று சொல்லிவிடுகிறேன். நான் பெண் பார்க்கப் போன இடத்தில், பஜ்ஜியைச் சட்டையில் போட்டுக்கொண்டபோது சிரிக்காமல் டிஷ்யூ எடுத்து நீட்டியவள். எனக்கு அந்த நிமிடமே பிடித்துப்போயிற்று. அவளோ, ஒரே தடவை பார்த்துச் சம்மதம் சொல்ல முடியாது, வீட்டைப் பார்த்து, ஆளையும் இன்னொரு முறை பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டாள். ஆக, ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பரீட்சை.

ஆசாரியைக் கூப்பிடுடா என்றார் அப்பா. எனக்கு ரோஷம். பலகை அவருடையது என்றாலும் பளபளப்பாவது என்னுடையதாக இருக்கட்டும், அம்மாவின் பேச்சு பாதியாவது நிஜமாகட்டும் என்று கிளம்பினேன். குரோம்பேட்டையில் தேய்க்கிற மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். உப்புத்தாளில் நம்பர் குறைந்தால் சொரசொரப்பு கூடும் என்பது ஊருக்கே தெரியுமாம். நான் நம்பர் குறைந்தால் மென்மை என்று நம்பி, கடையில் இருந்ததிலேயே சின்ன நம்பராகத் தேடி வாங்கி வந்தேன்.

மெஷினைப் போட்டதுதான் தாமதம், அது என்னை இழுத்துக்கொண்டு மாடி முழுக்க ஓடியது. பாசி போயிற்று, சாம்பல் போயிற்று, கூடவே பலகையிலும் ஒரு பங்கு போயிற்று. தூள் பக்கத்து மாடிக்குப் பறந்து, ஜரீனா அக்கா காயப்போட்டிருந்த துணிகளையெல்லாம் மாவில் புரட்டி எடுத்தது. அவர் கைப்பிடிச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "சார், உங்க பையன் இல்லையா? கொஞ்சம் வரச் சொல்லுங்களேன்" என்றார். தூள் படிந்து என் தலை அவ்வளவு நரைத்திருந்தது.

சனிக்கிழமை வார்னிஷ். ஒரு கோட் அடித்து, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் அடுத்ததை அடிக்கச் சொல்லியிருந்தார் கடைக்காரர். வானமோ மூட்டம் போட்டுக்கொண்டு நின்றது. காயவிட்டால் மழை முந்திக்கொள்ளும் என்று மூன்று கோட் வார்னிஷையும் அன்றைக்கே அப்பித் தள்ளினேன். ஞாயிறு காலை விரலால் தொட்டுப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது, முகம் தெரிந்தது! தனியாக ஒரு குத்தாட்டம் கூடப் போட்டேன். பாலுக்கு ஆடை கட்டின மாதிரி மேலே மட்டும்தான் காய்ந்திருக்கிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்? மழையும் வரவில்லை. வெயில் வந்து, சாயங்காலம் வரை அந்த வார்னிஷை நிதானமாக இளக்கியது.

அவர்கள் வந்தார்கள். அம்மா டெக்கில் ஜமக்காளம் விரித்து, அதன்மேல் நாற்காலி போட்டிருந்தாள். நித்யாவின் அப்பா பலகைகளைப் பார்த்துப் பிரமாதம் என்றார். அம்மா எனக்குக் கண்ணைக் காட்டினாள். காலில் விழு என்று அர்த்தம். மற்ற பையன்களாக இருந்தால் லேசாகக் குனிந்து தொட்டுவிட்டு நிமிர்ந்திருப்பார்கள். நான்தான் அதிகப்பிரசங்கி ஆயிற்றே. ஜமக்காளத்துக்கு வெளியே, வெறும் பலகையில், பட்டு வேட்டியும் புதுச் சட்டையுமாக நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

அவர் வாழ்த்தினார். நான் எழுந்திருக்கவில்லை. இன்னொரு முறை வாழ்த்தினார். அப்போதும் எழுந்திருக்கவில்லை. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பையனா என்று அவர் குரல் தழுதழுத்தது. நித்யா மட்டும் கிட்டே வந்து குந்தி உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டாள்.

"ஒட்டிக்கிச்சா?"

"ஆமாங்க."

"சட்டை பட்டனைக் கழட்டிட்டு எழுந்திருங்க."

"பட்டன் அடியில இருக்குங்க."

அவள் அப்பாவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. "தம்பி, இதெல்லாம் நீங்களே செஞ்சதா?" என்றார். மூக்கு பலகையில் உரசிக்கொண்டிருக்கும்போது பொய் வராது.

"பலகை போட்டது ஆசாரி சார். ஒட்டினது மட்டும்தான் நான்."

அம்மா சட்டென்று தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க ஆரம்பித்தாள். நித்யா ஜமக்காளத்தில் சரிந்து உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் அப்பா ஒரு கையையும் அவள் அப்பா மறு கையையும் பிடித்து இழுத்தார்கள். சர்ரென்று ஒரு சத்தம். நான் மேலே வந்துவிட்டேன். சட்டையின் முன்பக்கம், பாக்கெட்டோடு, கீழேயே தங்கிவிட்டது. வேட்டியும்தான். (வேட்டி என் இடுப்பில் நிற்காது என்ற பயத்தில், உள்ளே தேய்ப்பு வேலைக்குப் போட்ட அரை டிராயரையே மாட்டியிருந்தேன். தெய்வம் இருக்கிறது.)

அவர்கள் போனபின் நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன். அவளை இனிப் பார்க்கவே முடியாது என்று அழுகை அழுகையாக வந்தது. அப்போது போன் அடித்தது. நித்யா.

"அன்னிக்கு பஜ்ஜி விழுந்தப்பவே எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். இனிமே அடக்க முடியாது. வீட்ல சம்மதம்னு சொல்லிட்டேன்."

துணியைச் சுரண்டி எடுத்தும் டெக்கில் என் உருவம் அப்படியே பதிந்துவிட்டது, பட்டன் வரிசை உட்பட. எங்கள் வீட்டுக்கு யாரோடு வந்தாலும் மாமனார் அவர்களை மாடிக்கு அழைத்துப்போய், "நம்ம மாப்பிள்ளை கால்ல விழுந்தா எழுந்திருக்கவே மாட்டாரு" என்று காட்டுகிறார். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு முறை, மறுபடி தேய்த்துவிடலாம் என்று மெஷினோடு ஏறினேன். நித்யா அந்த உருவத்தின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இதைத் தொட்டால் பள்ளிக்கரணைக்குப் போய்விடுவேன் என்றாள். மெஷின் திரும்பிப் போயிற்று.

ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் என்னை அதில் குப்புறப் படுக்கவைத்து, குடும்பமே சுற்றி நின்று அளவு பார்க்கிறது. கை சரியாக இருக்கிறது, கால் சரியாக இருக்கிறது. நடுவில்தான் நான் வருஷா வருஷம் கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறேன். வெயிலில் மரம் சுருங்கிவிட்டது என்கிறேன். ஒருத்தரும் நம்புவதில்லை.