போர் விமானத்துக்குப் படகு எஞ்சின் பூட்டிய கதை

நன்றாக வேலை செய்கிற பொருளை ரிப்பேர் செய்கிற ஆள் ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். உங்கள் வீட்டில் யாரென்று உங்களுக்கே தெரியும். எங்கள் வீட்டில் அது நான்தான். கடிகாரம், மிக்ஸி, தண்ணீர் மோட்டார் என்று வரிசையாகச் சரிசெய்துகொண்டே வந்து, கடைசியில் ஒரு போர் விமானத்தையும் சரிசெய்துவிட்டேன். பிள்ளைகளே, அந்தக் கதைதான் இது.

நான் கோவளத்தில் ஃபைபர் படகு ஓட்டுகிறேன். படிப்பு எட்டாவது வரை. என் மகள் ஸ்டெல்லா அப்போது பதினொன்றாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்ததும் கம்ப்யூட்டரில் போர் விமானம் ஓட்டுவாள். வானத்தில் இரண்டு விமானங்கள் ஒன்றையொன்று துரத்தும். துப்பாக்கி மூக்கில் இருப்பதால் பின்னால் வருகிறவன்தான் சுட முடியும். முன்னால் போகிறவன் மாட்டினான். அவ்வளவுதான் ஆட்டம்.

கேளம்பாக்கத்தில் ஜமால் பாய் கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருக்கிறார். கடைக்கு மேல்மாடியில் அவருடைய விளையாட்டுக் கூடம். அந்தக் கூடத்தின் அணி ஒன்று பெங்களூருக்குப் போட்டிக்குப் போக இருந்தது. அணியில் ஒரே ஓர் இடம்தான் பாக்கி. அதற்கு இரண்டு பேர்: ஸ்டெல்லாவும், அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து வருகிற ரிஷி என்ற பையனும். ஞாயிற்றுக்கிழமை மூன்று ஆட்டம். இரண்டில் ஜெயிப்பவருக்கு இடம். கண்ட்ரோலரை அவரவரே கொண்டுவர வேண்டும். அதன் செட்டிங்கைப் பென்டிரைவில் தர வேண்டும். ஆட்டம் தொடங்கிய பிறகு மாற்றக்கூடாது.

ஸ்டெல்லா அதுவரை கீபோர்டைத் தட்டியே விமானம் ஓட்டியவள். "கீபோர்டுல பிளேன் ஓட்றது கரண்டியால மீன் புடிக்கிற மாரி கீது நைனா" என்றாள். மீன் என்று சொன்ன பிறகு சும்மா இருக்க முடியுமா? இரண்டு பேரும் பாய் கடைக்குப் போனோம்.

"இன்னா அண்ணாத்த, ஸ்டியரிங் வீல் காட்டட்டா?"

"பிளேனுக்கு ஏது பாய் வீலு?"

"கீழ மூணு கீதே!"

(பாய்க்கு வியாபாரத்தைவிட நக்கல்தான் முக்கியம்.)

இரண்டு கையாலும் பிடிக்கிற சின்ன கண்ட்ரோலர் ஒன்றைக் காட்டினார். அது ஸ்டெல்லாவுக்குப் பிடிக்கவில்லை. வேகத்துக்குத் தனி நெம்புகோலும் காலுக்குத் தனி மிதியும் உள்ள பெரிய செட்டைக் காட்டினார். அது எங்கள் வீட்டு அறையைவிடப் பெரிதாக இருந்தது. கடைசியில் ஒற்றைக் கம்பு வைத்த ஜாய்ஸ்டிக். பிடித்துப் பார்த்தேன். பக்கவாட்டில் சாய்ந்தது. முறுக்கினேன், முறுக்கவும் முடிந்தது! என் படகு எஞ்சினின் கைப்பிடி அப்படியே இதேதான். பக்கவாட்டில் தள்ளினால் படகு திரும்பும், முறுக்கினால் வேகம் ஏறும்.

"இதான்" என்றேன். ஸ்டெல்லாவும் "இதான்" என்றாள். விரல் நீட்டிய பொருள் ஒன்று, மனதில் நினைத்த பொருள் இரண்டு.

வெள்ளிக்கிழமை மாலை அவளே உட்கார்ந்து எல்லாவற்றையும் அமைத்தாள். கம்பை முறுக்கினால் விமானத்தின் வாலில் இருக்கிற சுக்கான் திரும்பும். வேகத்துக்கு அடியில் குட்டி நெம்புகோல் ஒன்று இருந்தது. ஓட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தூங்கினாள். மறுநாள் அவள் டியூஷன் போனதும், சும்மா பார்க்கலாமென்று நான் உட்கார்ந்தேன்.

கம்பை இடது பக்கம் தள்ளினேன். விமானம் இடது பக்கம் போனது.

அதிர்ந்துவிட்டேன். படகில் கைப்பிடியை இடது பக்கம் தள்ளினால் வலது பக்கம்தானே போகும்? மீசை முளைத்த நாளிலிருந்து கடல் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

"ரீட்டா! பாய் கோளாறு பீஸ தள்ளிவுட்டாரு!"

சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: "அத தொட்டுக்கினு கீறியா? வுடுய்யா! மிக்ஸியே இன்னும் எழுந்துக்கல."

விடுவேனா? செட்டிங்கைத் திறந்தேன். இடது வலது என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதில் டிக் அடித்ததும் திசை மாறியது. அடுத்து வேகம். அந்த வரியை அழுத்தியதும், எதை அசைத்தாலும் அதையே எடுத்துக்கொள்வேன் என்று கம்ப்யூட்டர் காத்திருந்தது. கம்பை முறுக்கினேன். எடுத்துக்கொண்டது. மேலே கீழே போவதை மட்டும் தொடவில்லை (படகு மேலே போவதில்லை, போனால் ஓட்டியவன் திரும்பி வந்து சொல்வதில்லை). சேமித்துவிட்டு, ஸ்டெல்லா ஜெயித்த பிறகு ரகசியத்தைச் சொல்லலாமென்று மீசையைத் தடவிக்கொண்டேன். டியூஷன் முடிந்து அவள் ராத்திரிதான் வந்தாள்; ஞாயிறு காலை ஓட்டிப் பார்க்க நேரமில்லாமல் அதை அப்படியே பென்டிரைவில் ஏற்றிக்கொண்டாள்.

முதல் ஆட்டம். ரிஷியைத் தேடிக் கம்பை இடது பக்கம் சாய்த்தாள். விமானம் வலது பக்கம் உருண்டு, தலைகீழாகக் கடலில் விழுந்தது. ரிஷி ஒரு தோட்டாகூடச் சுடவில்லை.

"ஏய் ஸ்டெல்லா, மீன் புடிக்க எறங்கிட்டியா?" என்றான். கூடமே சிரித்தது.

ஸ்டெல்லா மெதுவாகத் திரும்பி, பின்னால் நின்றிருந்த என்னைப் பார்த்தாள்.

"நைனா, இத தொட்டியா?"

"தொடலம்மா... சரி பண்ணேன்."

அந்த மாடி அப்படியே இடிந்து என்னைக் கீழே கடையில் இறக்கிவிடாதா என்றிருந்தது. செட்டிங்கை மாற்றிக்கொள்ளலாமா என்று பாயிடம் ஓடினேன். "ரூல்ஸு ரூல்ஸுதான் அண்ணாத்த. மாத்துனா எடம் அந்தப் பையனுக்கு."

"இன்னா பண்ணி வெச்ச? முழுசா சொல்லு" என்றாள் ஸ்டெல்லா.

"நம்ம எஞ்சின் மாரிம்மா. தள்னா எதிர்ப்பக்கம். முறுக்குனா ஸ்பீடு."

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டாவது ஆட்டம். தட்டுத்தடுமாறிப் பறந்தாள். ரிஷி முழு வேகத்தில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டான். இன்னொரு நொடியில் சுடுவான். பதற்றத்தில், நான் சொன்னதை மறந்து, பழைய நினைப்பில் சுக்கானைத் திருப்பக் கம்பை முறுக்கினாள். அதுதான் இப்போது சுக்கான் இல்லையே! அவள் முறுக்கியது வேகம் குறைகிற பக்கம், எஞ்சின் ஒரேயடியாக அடங்கியது. விமானம் காற்றில் நின்றதுபோல் ஆனது. வந்த வேகத்தில் நிற்க முடியாமல் ரிஷி அவள் தலைக்கு மேலே பறந்து முன்னால் போய்விட்டான். முன்னால் போகிறவன் மாட்டினான் என்று சொன்னேனே? ஸ்டெல்லா சுட்டாள். ரிஷியின் விமானம் புகைந்துகொண்டே இறங்கியது.

கூடம் கத்தியது. அவள் கத்தவில்லை. தன் கையையே பார்த்தாள். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்து இடது பக்கம் சற்றுப் பின்னால் போட்டு, ஜாய்ஸ்டிக்கை அதன்மேல் வைத்து, நாற்காலியில் பக்கவாட்டாகத் திரும்பி உட்கார்ந்தாள். படகின் பின்பக்கம் எஞ்சினைப் பிடித்து உட்காருவோமே, அச்சு அசல் அப்படி. சின்ன வயதிலிருந்து கரையோரம் என்னோடு ஓட்டிப் பழகிய கை அது.

"இன்னா, பஸ்ஸுல ஜன்னல் சீட்டா?" என்றான் ரிஷி.

"போட்டுடா. ஏறிக்கினியா?"

மூன்றாவது ஆட்டத்தில் அவள் தடுமாறவே இல்லை. சூடுபட்ட ரிஷி, மறுபடி தாண்டி முன்னால் போய்விடுவோமோ என்று பயந்து வேகத்தைக் குறைத்தான். வேகம் செத்த விமானமும் வேகம் செத்த படகும் ஒன்று, திருப்பினாலும் திரும்பாது. ஸ்டெல்லா மணிக்கட்டை முழுக்க முறுக்கினாள். பெரிய அலையைச் சுற்றிப் போவதுபோல் ஒரு வளைவு வளைந்து, அவன் வாலுக்கு நேரே வந்து நின்றாள். சுட்டாள். முடிந்தது. இடம் அவளுக்கு!

நான் போட்ட கூச்சலில் கீழே கடையிலிருந்தவர்கள் மாடிக்கு ஓடிவந்தார்கள். ஸ்டெல்லா என்னைக் கட்டிப்பிடித்துக் காதில் சொன்னாள்: "இனிமே தொட்ட, அவ்ளோதான் நைனா."

ரிஷியே வந்து அந்த செட்டிங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டான். "நைனா" என்று அதற்குப் பெயர் வைத்து ஸ்டெல்லா கொடுத்தாள். இப்போது பாய் கூடத்தில் யாராவது சட்டென்று வேகத்தை அடக்கி, துரத்தி வந்தவனை முன்னால் போகவிட்டால், "நைனா போட்டுட்டான்டா!" என்றுதான் கத்துகிறார்கள். கத்துகிற பையன்களுக்கு நான் யாரென்று தெரியாது. நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு படியேறுவேன்.

அந்தப் பெருமை கேளம்பாக்கத்தோடு சரி. போன வாரம் குளியலறையில் புதுக் குழாய் மாட்டினேன். வெந்நீர் பக்கம் திருப்பிய ரீட்டாவின் தலையில் பச்சைத் தண்ணீர் கொட்டியது. தெருவுக்கே கேட்கிற மாதிரி உள்ளேயிருந்து கத்தினாள்:

"ஸ்டெல்லா! உங்க நைனா எனக்கே நைனா போட்டுட்டாருடி!"